அவன் பெயரில் திறந்த கணினி

என் கணவரின் தம்பி எங்கள் வீட்டை விட்டுப் போய் மாதங்களான பிறகும் அவனுடைய வாடை முன் அறையை விட்டுப் போகவில்லை. படுக்கை விரிப்பைக் கொதிநீரில் ஊற வைத்துத் துவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அலுமாரியின் உட்பக்கத்தைக் கிருமிநாசினி விட்டுத் துடைத்தேன். சிகரெட், தலையெண்ணெய், பொரித்த மீன் மூன்றும் கலந்த அந்த வாடை கடைசியில் ஒரே இடத்தில் மிஞ்சியது. நான் தினமும் உட்கார்ந்து வேலை செய்கிற கணினியில்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஓர்ஸ் ஹில்லில், துறைமுகப் பக்கம் இறங்குகிற தெருவில் எங்கள் வீடு. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் என் பக்கத்துக் கதிரையில் இருந்து, நான் தட்டெழுதுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே திருத்தம் சொல்வார்கள். "அப்பாவின்ர பேரில எச் வராது, தங்கச்சி" என்பார்கள். ஆகவே என் திரை எனக்கு மட்டுமான திரை அல்ல. வருகிற எல்லோரும் பார்க்கிற திரை.

அந்தக் கணினியை வாங்கிய காலத்தில்தான் அவன் துறைமுகத்தில் ஏதோ ஒப்பந்த வேலை என்று வந்து எங்களோடு தங்கினான். "தள்ளுங்கோ மச்சாள், நான் செட் பண்ணித் தாறன்" என்று முன்னால் உட்கார்ந்தான். எல்லாம் முடிந்து பார்த்தால் பயனர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தான். என் தொழிலுக்கு, என் உழைப்பில் வாங்கிய கணினி அது.

"பிறகு மாத்தலாம் மச்சாள்" என்றான். மாற்றவில்லை. காலையில் நான் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது அவன் பெயரைச் சொல்லித்தான் என்னை வரவேற்றது.

பகலில் கணினி எனக்கு. மற்ற நேரமெல்லாம் அவனுக்கு. சோற்றுக் கோப்பையை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவான். குழம்புக் கையைக் கழுவாமல், சூப்பிவிட்டு, அப்படியே மவுசைப் பிடிப்பான். காலையில் நான் மவுசில் கை வைத்தால் ஒட்டும். ஒருநாள் விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினேன். சோற்றுப் பருக்கை, மீன் முள், வெட்டிய நகத் துண்டுகள் விழுந்தன. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீர் கூட்டிவிடும்" என்றார் அவர்.

ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்துவிட்டு, கொழும்பில் வேலை கிடைத்து அவன் போனான். அதன் பிறகுதான் கணினிக்குள் அவன் விட்டுப்போனது வெளியே வரத் தொடங்கியது. இணையத்தைத் திறந்தால் மூலையில் அரைகுறை உடுப்போடு பெண்களின் படங்கள் எழும்பும். பந்தயம் கட்டச் சொல்லி ஒருத்தி கண்ணடிப்பாள். மூடினால் இன்னொன்று வரும். எங்கெங்கோ இருந்து எதையெதையோ இறக்கி வைத்திருக்கிறான், அவை உள்ளேயே குந்திக்கொண்டு இவற்றைக் கூப்பிடுகின்றன என்று எனக்கு விளங்கியது. எப்படி நிறுத்துவது என்று விளங்கவில்லை.

ஒரு காலை நேரம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் ஆங்கிலத்தில் வேண்டும். பிள்ளை என் பக்கத்துக் கதிரையில் இருந்து, ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கவனமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்தைச் சரிபார்க்க நான் இணையத்தைத் திறந்தேன். அவ்வளவுதான். திரை முழுவதும் ஒரு படம். அதை இங்கே எழுதமாட்டேன். சத்தமும் சேர்ந்து வந்தது.

நான் பதறி மூட மூட அது பெரிதாகியது. கடைசியில் திரையின் மின்சாரத்தை நிறுத்தினேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். தாய் எழும்பினார்.

"அம்மா, இது என்ர இல்ல, வீட்டில ஆக்கள் பாவிச்சது..."

"பரவாயில்லை. நாங்கள் பிறகு வாறம்."

மேசையில் இருந்த சான்றிதழை எடுத்துக் கைப்பையில் வைத்தார். மகளின் தோளைப் பிடித்துத் தன் மறுபக்கத்துக்கு, என்னிடமிருந்து விலக்கி, மாற்றிக்கொண்டு படியிறங்கினார். அவர்கள் திரும்பி வரவில்லை. பிறகொரு நாள் சந்தையில் அந்தத் தாயைக் கண்டேன். கண்டும் காணாததுபோல மரக்கறிக் கடைக்குள் திரும்பிவிட்டார்.

அவர்கள் வந்துபோன அன்றே பின்னேரம் கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் பெரிதாகவும் எடுக்கவில்லை.

"இளம் பொடியன், கலியாணமும் கட்டாதவன். அப்படித்தான் இருப்பாங்கள்."

"முப்பத்திநாலு வயது. இளம் பொடியனோ?"

"சரி, இப்ப என்ன? பழைய பதிப்புத்தானே கிடக்கு. புதுசுக்கு அப்கிரேட் பண்ணச் சொல்லி ஒவ்வொரு நாளும் கேட்குது. பண்ணிவிடும். எல்லாம் சரியாயிரும்."

அது கேட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதற்கு மாறுங்கள் என்று மூலையில் செய்தி வந்துகொண்டே இருந்தது. கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதிக்கு அழைப்பெடுத்தேன். அவளும் என்னைப்போல மொழிபெயர்ப்பாளர்தான். சிங்களச் சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்தால் அவளிடம் கேட்பேன், ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் அவள் என்னிடம் கேட்பாள்.

"புள்ள, அப்கிரேட் செய்தா பழசுக்கு மேலதான் புதுசு வந்து இருக்கும். அவன்ட சாமான், அவன்ட பேர், அவன் இறக்கி வெச்சதெல்லாம் அப்படியே கூட வரும். கக்கூசக் கழுவாம மாபிள் பதிக்கிற வேல அது. உன்ட வேலையள மட்டும் வெளியால எடுத்து வெச்சிட்டு, மத்ததெல்லாத்தயும் அழிச்சிப்போட்டுப் புதுசாப் போடு" என்றாள்.

நான் அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். கணவர் சொன்னதைக் கேட்டேன். முழுக்க அழிப்பதென்றால் பயமாக இருந்தது, அப்கிரேட் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு பகல் முழுக்க அது ஓடியது. இடையில் மின்சாரம் போய்விடக்கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டு குசினிக்கும் முன் அறைக்கும் நடந்தேன்.

முடிந்தபோது திரை அழகாகத்தான் இருந்தது. நீலநிறப் படம், வட்டமான மூலைகள். நடுவில் பெரிய எழுத்தில் அவனுடைய பெயர், அதற்கு மேல் வரவேற்பு. முன்பு சின்ன எழுத்தில் இருந்த பெயர் இப்போது பெரிய எழுத்தில். உள்ளே போனேன். இணையத்தைத் திறந்தேன். கண்ணடிக்கிறவள் அதே மூலையில் நின்றாள். புதிய திரையில் இன்னும் துலக்கமாகத் தெரிந்தாள்.

அன்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"முழுக்க அழிக்கப் போறன்."

"தம்பியின்ர சாமான் உள்ளுக்கு இருக்கு. கேளாமல் அழிக்க ஏலாது."

"என்ன சாமான்?"

"படம் கிடம் இருக்கும். அவன்ர வேலைக் கடுதாசியும் இருக்கும். எனக்கென்ன தெரியும்?"

நான் அவனுக்கே அழைப்பெடுத்தேன். வேண்டியதை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுமுனையில் சிரித்தான்.

"ஐயோ மச்சாள், ஒண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ. நேரம் கிடைக்கேக்க வந்து பாக்கிறன். அதுவரைக்கும் நீங்கள் பாவியுங்கோ."

என் கணினியைப் பாவிக்க எனக்கு அனுமதி தந்தான்!

காத்திருந்தேன். அவன் வரவில்லை. கணினி சூடாகி இரையத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை அதை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியைக் கழற்றினேன். கடற்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டுத் திருக வேண்டியிருந்தது. உள்ளே கறுப்புப் பஞ்சுபோலத் தூசி. விசிறியில் சிகரெட் புகை பசையாகப் படிந்து மஞ்சளாகக் கிடந்தது. அடியில் கரப்பான் பூச்சிகளின் தோல்கள், பல்லி முட்டை ஓடுகள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய பல் தூரிகையால் சுரண்டினேன். பாதியில் எழும்பிப் போய் வாழையடியில் சத்தியெடுத்தேன். பிறகு வந்து மிச்சத்தையும் சுரண்டினேன்.

வெளிப்பக்கம் சுத்தமானதும் உள்ளேயும் முடித்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. கணவரைக் கூப்பிட்டு அந்தக் கதிரையில் இருத்தினேன்.

"உங்கட தம்பிதானே. நீங்களே பாத்து, வைக்க வேண்டியதை எடுத்து வையுங்கோ. மிச்சத்தை நான் அழிக்கிறன்."

அவர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். நான் குசினிக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தேன். முன் அறையிலிருந்து மவுசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவர் குசினிக்குள் வந்தார். என்னைப் பார்க்காமல் தொட்டியடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவினார்.

"எல்லாத்தையும் அழிச்சுவிடும்" என்றார்.

"வேலைக் கடுதாசி ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் நான் தெரிந்துகொண்டுதான் அந்தக் கதிரையில் இருந்தேன், அந்த விசைப்பலகையில் விரல் வைத்தேன், அதே திரையில் மற்றவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களை எழுதினேன். நான் சொன்னபோது அது இளம் பொடியன் சமாச்சாரம். தன் கண்ணால் கண்டதும் அழுக்கு. கை கழுவிக்கொண்டு நின்ற அவரைப் பார்க்க, தம்பியின் நகத்துண்டைப் பார்த்தபோது வந்த அதே அருவருப்பு எனக்கு வந்தது. பருப்பைத் துழாவியபடி நின்றேன்.

மறுநாள் சிநேகிதி கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்தாள். புதிய இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். என் கோப்புகளை வெளியே எடுத்து வைத்தோம். வட்டில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று கணினி கேட்டது.

"நீயே அமத்து புள்ள" என்றாள்.

பொத்தானை அமத்தினேன். மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன். பல்லிடுக்கில் சிக்கிய நார் வெளியே வந்ததுபோல இருந்தது. கடைசியில் உங்கள் பெயர் என்ன என்று அது கேட்டது. என் பெயரை எழுதினேன். பிழையில்லாமல் இருக்கிறதா என்று, மற்றவர்களுக்குச் செய்வதைப்போலவே, எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை அது. அச்சுப்பொறி கணினியோடு பேச மறுத்தது. என் பழைய தமிழ் எழுத்துரு போய்விட்டதால், முன்பு தட்டெழுதிய கடிதங்கள் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தன. பழைய விவாகச் சான்றிதழுக்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்த மாதிரிப் படிவம் அவன் பெயரிலான கோப்புறைக்குள் கிடந்திருக்கிறது. எடுத்து வைக்க மறந்துவிட்டேன், மற்றதோடு அதுவும் போய்விட்டது. ஒரு கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தப் படிவத்துக்கு மறுபடி கோடு போட்டேன். கோடு போடும்போதெல்லாம் அவனைத் திட்டினேன்.

ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்ய அவன் வந்தான். கடலில் முழுகி, விரதச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, கேளாமலே முன் அறையில் என் கதிரையில் போய் இருந்து கணினியைப் போட்டான்.

"மச்சாள், இதில என்ர பேரைக் காணேல்ல?"

"அழிச்சாச்சு."

"என்ர சாமான்?"

"அதுவும்தான்."

அவன் தமையனைப் பார்த்தான். "அண்ணா, நீங்களும் பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?"

கணவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு, "நான்தான் அழிக்கச் சொன்னனான்" என்றார்.

அவன் கோபிப்பான் என்று நினைத்தேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்தான்.

"சரி விடுங்கோ. எல்லாம் ஃபோனிலயும் கிடக்குத்தானே."

பொக்கற்றிலிருந்து ஃபோனை எடுத்து, வருகிறவர்கள் இருக்கிற கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினான். கணவர் எழுந்து வெளியே போனார்.

அடுத்த நாள் காலை கேற்றடியில் ஆள் சத்தம் கேட்டது. ஒரு வயதானவர், கையில் மரணச் சான்றிதழோடு. முன் அறைக்குப் போனேன். அவன் அதே இடத்தில், அதே மாதிரி.

"தம்பி, ஆக்கள் வருகினம். எழும்பி அங்கால போங்கோ."

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். நான் நகரவில்லை. எழும்பிப் போனான்.

வந்தவரைப் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னேன். என் கதிரையில் கை வைத்தேன், அவன் இருந்த சூடு இன்னும் இருந்தது. அது ஆறும்வரைக்கும் நின்றபடியே அவரிடம் விவரம் கேட்டேன்.