டோர்ட்மண்ட் வீட்டுக் குழாய்

பெரியப்பாவின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இறந்துபோன அந்தத் தை மாதம் ஜெர்மனியில் கடும் குளிர். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் எசனில் இருந்தோம். அம்மாவின் அக்காவும் அவர் கணவரும், அதாவது என் பெரியம்மாவும் பெரியப்பாவும், டோர்ட்மண்டில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியிருந்தார்கள். மூத்த மகன் பெரியப்பாதான். கொள்ளி வைக்க அவர் போகாமல் முடியாது. செய்தி வந்த மறுநாளே இருவரும் பறந்துவிட்டார்கள். விமான நிலையம்வரை கூட வருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, டாக்சிக்குச் சொல்லியாயிற்று என்று பெரியம்மா அவசரமாகத் தடுத்துவிட்டார்.

குளிர் இன்னும் இறங்கியபோது அம்மாவுக்கு அந்த வீட்டு நினைப்பாகவே இருந்தது. அங்கே சமையலறைக் குழாய் வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறது. வீடு சூடில்லாமல் கிடந்தால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். பனி இளகும் நாளில் வீடெல்லாம் வெள்ளம். முந்தின வருடம் எங்கள் கட்டடத்தில் ஆளில்லாத ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்து, கீழ்வீட்டின் உட்கூரையே இடிந்து விழுந்தது. பெரியம்மா வீட்டுக் கதவின் மற்றத் திறப்பு, அவசரத்துக்கென்று கொடுத்துவைத்த சாவி, எங்களிடம் இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, நாங்கள் ஒருக்காப் போய் ஹைசுங்கைப் போட்டு வீட்டைச் சூடாக்கிவிட்டு வாறம்."

"வேண்டாம். ஒருத்தரும் அங்கை போகத் தேவையில்லை."

"அப்ப அத்தானிட்டைக் குடுங்கோ, கேப்பம்."

"அவர் குளிக்கிறார்."

அதற்கு முன்பு ஒரு தடவை எடுத்தபோதும் அவர் குளித்துக்கொண்டுதான் இருந்தார். ஊருக்குப் போனதிலிருந்து பெரியப்பா குளியலறையை விட்டு வெளியே வரவில்லை போலிருந்தது. அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டை ஆருக்கோ களவா வாடகைக்கு விட்டிருக்கினம்," என்றார் அப்பா.

தன் அக்காவைப் பற்றி அப்படிச் சொன்னதற்காக அம்மா சண்டை பிடித்தார். ஆனால் முதலில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவரும் அவர்தான்.

டோர்ட்மண்ட் வீட்டின் ஜன்னல் தட்டிகள் எல்லாம் இறக்கிவிடப்பட்டிருந்தன. வாசலில் விழுந்த பனியில் ஒரு காலடிகூட இல்லை. அப்பா கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது. மூவரும் அப்படியே நின்றோம். சமையலறையில் குழாயிலிருந்து தண்ணீர் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே சூடு போவதற்காகத் தொட்டிக்குக் கீழிருந்த அலுமாரியின் கதவுகள் திறந்து கிடந்தன. குழாயைச் சுற்றி ஒரு கம்பளிச் சால்வை, குழந்தைக்குச் சுற்றியதுபோல இறுக்கமாக.

"கள்ளன் வந்து பைப்புக்குச் சால்வை சுத்துவானோ?" என்று அம்மா கிசுகிசுத்தார்.

அப்பா மூலையில் இருந்த குடையைக் கையில் எடுத்தார். மாடிப்படியில் பலகை முனகியது. நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். மொட்டைத் தலை, மீசையில்லாத முகம், தலையில் சவர அலகு கிழித்த சிவப்புக் கோடுகள். ஒரு மனிதன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"அம்மா, கள்ளன்! பெரியப்பாவின்ரை சுவெட்டரைப் போட்டிருக்கிறான்!"

"பிள்ளை, பயப்படாதை. நான்தான்," என்றது பெரியப்பாவின் குரல்.

அப்பாவின் குடை மெல்லக் கீழே இறங்கியது. "அண்ணை, நீங்கள் போகேல்லையோ?"

பெரியப்பா எங்களைத் தாண்டிப் போய், குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். நூல் மெலிந்தது. "பைப் உறைஞ்சு போமெண்டு நிண்டிட்டன்," என்றார்.

"அப்ப கொள்ளி?" அம்மாவின் குரல் உடைந்தது.

"ஊரிலை என்ரை தம்பி வைச்சவன்."

அம்மா வாய்விட்டு அழத் தொடங்க, பெரியப்பா பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டி, சத்தம் வேண்டாம் என்று கையை அசைத்தார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நான் அங்கை நிக்கிறனெண்டே இருக்கட்டும்." பிறகு எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். என் கோப்பைக்கு மறக்காமல் இரண்டு கரண்டி சீனி போட்டார். நான் குடிக்கவில்லை. அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் ரயிலில், "பெரியப்பாவுக்கு அவரின்ரை அப்பாவை விடப் பைப் பெரிசோ?" என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓம்," என்றார் அப்பா.

பெரியப்பாவின் தலைமயிர் வளர்ந்த பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில், செத்த வீட்டுக்கு எவ்வளவு சனம் வந்தது, பறை எப்படி அடித்தார்கள், சிதையில் நெருப்பு எந்தப் பக்கத்தால் பற்றியது என்று அவர் ஆட்களுக்கு விவரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பக்கத்தில் தலை குனிந்து நின்றார். இவ்வளவு பேர் முன்னால் ஒரு மனிதர் கூசாமல் இப்படிப் பொய் சொல்லலாமா என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும், பெரியம்மா சுடலைக்கு ஒரு பெடியனிடம் போனைக் கொடுத்தனுப்பி எல்லாவற்றையும் வீடியோவில் அவருக்குக் காட்டினார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அகதியாக வந்த அவருக்கு ஜெர்மனி கொடுத்திருந்த பயணப் பத்திரத்தில் உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. பெரியம்மாவுக்குக் கிடைத்த ஜெர்மன் கடவுச்சீட்டு தனக்கும் கிடைத்துவிட்டதாக அவர் சொந்தக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். இதெல்லாம் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அந்த வயதில் நான் அறிந்திருந்ததெல்லாம், ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால் போதும் என்பதுதான்.