அவசரமில்லை என்று சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் முடிந்த கிழமை, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கும் விமான ரிக்கெற் அலுவலகத்தில் இது நடந்தது. அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு கணினி, மூன்று கதிரை, அவ்வளவுதான்.

நான் அச்சுவேலியில் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துகிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பத்திரிகையில் பிள்ளைகள் வாசிக்கும் பக்கத்துக்கு என்னைப் போன்றவன் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். என்னுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இதை நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் அவர்களும் வாசிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட எட்டு வயது மூப்பு. அடுத்த வளவில்தான் இருக்கிறார். அத்தான் காலமாகிப் பல வருடமாகிவிட்டது. ஒரே மகன் கனடாவில், ரொறன்ரோவில், மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தான். அக்கா ஒருமுறை அங்கே போய் வந்தவர். அப்போது எடுத்த விசாவுக்கு இன்னும் காலம் இருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் அந்த மருமகனின் மனைவி எனக்குப் போன் எடுத்தாள். அவனுக்கு வயிற்றுக்குள் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனிக் கிழமைக் கணக்குத்தான், மாதக் கணக்கு இல்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். அழுதுகொண்டுதான் சொன்னாள். கடைசியில், "மாமா, மாமிக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. இவர்தான் சொல்ல வேண்டாமெண்டவர். கெதியா அனுப்பிவிடுங்கோ, அது காணும்" என்றாள்.

எங்கள் ஊரில் இது புதிதல்ல. பெரிய வருத்தம், நோய் என்று ஒன்று வந்தால் வயது போனவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். அதை அன்பு என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவிடம் போய், மகனுக்கு வயிற்றில் சின்னக் கட்டி, ஒப்பரேசன் செய்யப் போகிறார்கள், நீங்கள் போய்க் கொஞ்ச நாள் கூட நின்றால் உதவியாக இருக்கும் என்று சொன்னேன். அக்கா கொஞ்சம் பயந்தார். பிறகு, தான் போய்ச் சமைத்துக் கொடுத்தால் அவன் தேறிவிடுவான் என்று தானே தன்னைத் தேற்றிக்கொண்டார். அடுத்த நாள் காலை பொங்கிவிட்டு, அதற்கடுத்த நாள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம்.

இங்கிருந்து கனடாவுக்கு ஒரே விமானத்தில் போக முடியாது. எங்கேயாவது இறங்கி மாறத்தான் வேண்டும். எத்தனை இடத்தில் மாறுவது, எத்தனை மணித்தியாலம் காத்திருப்பது, எத்தனை பெட்டி கொண்டுபோக விடுவார்கள், கால் நீட்ட இடம் இருக்குமா, கடைசியாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கிற விமானம் எப்படிப்பட்டது என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் ரிக்கெற் போடுவார்கள். விலையும் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வேறு. இதையெல்லாம் அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். அந்த அலுவலகத்தில் இருந்த பெண்பிள்ளை அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்தாள். முப்பது வயது இருக்கும். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்து விரலால் காட்டினாள்.

அவள் காட்டியதில் இரண்டுதான் சரிப்பட்டு வந்தது. ஒன்று அடுத்த நாளே புறப்படுவது. விலை கூட. மூன்று விமானம் ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பதினொரு மணித்தியாலம் கதிரையில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு இடம்தான் மிச்சம், ஒரு பெட்டிதான் கொண்டுபோகலாம். மற்றது பன்னிரண்டு நாள் கழித்து. விலை நன்றாகக் குறைவு. ஒரே ஒரு இடத்தில்தான் மாறுவது, அதுவும் இரண்டு மணித்தியாலம். பெரிய விமானம், நடைபாதைப் பக்க இருக்கை, மரக்கறிச் சாப்பாடு, இரண்டு பெட்டி. அக்காவைப் போல முழங்கால் வருத்தக்காரருக்குச் சக்கர நாற்காலியும் தருவார்களாம்.

"கடலுக்கு மேலை எத்தினை மணித்தியாலம் பிள்ளை?" என்று அக்கா கேட்டார்.

"அத்திலாந்திக் மட்டுமெண்டால் ஒரு நாலைஞ்சு மணித்தியாலம் வரும் அம்மா. நித்திரை கொள்ளலாம், இது நல்ல சீற்."

நான் முதலாவதையே போடுவோம் என்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பம்புக்கு வோசர் வாங்க நாலு கடை ஏறி இறங்கிறவன் நீ. இப்ப என்னடா கண்ணை மூடிக்கொண்டு காசை எறியிறாய்?" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "அவசரப் பயணமோ அண்ணை? அவசரமெண்டால் நாளைக்குப் போறதுதான் நல்லது. இல்லையெண்டால் நான் மற்றதைத்தான் சொல்லுவன்" என்றாள்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன பதில் வரப் போகிறது என்று அவர் காத்திருந்தது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு சொல் போதும். "ஓம்" என்றிருந்தால் அக்கா அடுத்த கேள்வி கேட்டிருப்பார். நானும் சொல்ல வேண்டி வந்திருக்கும். யாழ்ப்பாணப் பட்டினத்தின் நடுவில், அந்தக் கதிரையில் வைத்து, ஒரு தாய்க்கு அதை எப்படிச் சொல்வது? அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் நான், "இல்லைப் பிள்ளை, அவசரமில்லை" என்று சொன்னேன்.

"பிறகென்ன" என்றார் அக்கா. இரண்டாவது விமானத்தை அவரே கையைக் காட்டித் தெரிவுசெய்தார். மிச்சம் பிடித்த காசில் பேத்திமாருக்குக் காப்பு வாங்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

அடுத்த நாட்கள் அக்காவின் வளவில் ஒரே வேலை. இரண்டு பெட்டியையும் நிரப்ப வேண்டுமே. மிளகாய் வறுத்தார், காய்ந்த பனங்கிழங்கை ஒடியல் மாவாக இடித்தார், பருத்தித்துறை வடை சுட்டார். எல்லாம் மகனுக்குப் பிடித்தது. வறுக்கிற வாசம் வேலிக்கு மேலால் எங்கள் வீட்டுக்கு வரும். அங்கே அவன் தண்ணீரைக்கூடக் கரண்டியால்தான் குடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். என் மனைவி இரண்டு தரம், அக்காவுக்குச் சொல்லுங்கோ, பாவம் என்று சொன்னாள். அழுது வருத்தமாகிவிட்டால் பயணமே போக மாட்டா என்று அவளுடைய வாயையும் அடைத்தேன்.

ஐந்தாம் நாள் மருமகனே என்னோடு கதைத்தான். குரல் இருந்ததே தவிர அதில் பலம் இல்லை.

"மாமா, அம்மா எப்ப வாறா?"

"இன்னும் ஏழு நாள் தம்பி."

"ஏழோ" என்றான். பிறகு, "பரவாயில்லை. அவவுக்குக் கால் நோகாத சீற்றாப் பாத்து எடுத்தனீங்களோ?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி" என்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். படி ஏறி முடியும்போதே அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினாள், இரண்டு மூன்று இடத்துக்குப் போன் எடுத்தாள். முதல் பார்த்த விமானம் போய்விட்டது. அடுத்த இரண்டு நாளுக்கும் எதிலும் இடமில்லை. மூன்று நாள் கழித்து, அதே நல்ல விமானத்தில் ஒரு இடம் கிடைத்தது. பன்னிரண்டு நாள் ஒன்பது நாளாகியது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், விமானக்காரர் பயணத் திகதியை மாற்றிவிட்டார்கள் என்று இன்னொரு பொய் சொன்னேன். மிளகாய்த்தூள் இன்னும் அரைக்கவில்லையே என்று விமானக்காரரைத் திட்டினார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வாடகை வாகனத்தில் கூட்டிக்கொண்டு போனேன். சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா திரும்பிக் கையைக் காட்டிவிட்டு, மகாராணி மாதிரிப் போறன் பார் என்றார். விடியப்புறம் விமானம் ஏறியது. நான் மத்தியானம் அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தேன்.

அன்று இரவு எட்டு மணி போல் பட்டறையில் ஒரு மெசினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மருமகனின் மனைவி. "முடிஞ்சுது மாமா" என்றாள்.

விமானம் எங்கே போகிறது என்று பார்க்கும் வசதியை என் மகள் போனில் போட்டுத் தந்திருந்தாள். கை முழுவதும் எண்ணெய். துடைக்காமலே எடுத்துப் பார்த்தேன். ஒரு சின்ன மஞ்சள் விமானம் அத்திலாந்திக்கின் நடுவில், நீலத்தில் நின்றது. இறங்க இன்னும் நாலு மணித்தியாலம் என்று காட்டியது. ரொறன்ரோவில் தெரிந்துவிட்டது, அச்சுவேலியில் தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெற்றவருக்கு மட்டும் தெரியாது. அவர் கால் நீட்டிக்கொண்டு இருக்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கு மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நாலு மணித்தியாலமும் நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று நினைவில்லை.

அங்கே விமான நிலையத்திலும் சொல்லவில்லையாம். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வந்திருந்தவர்கள் வாசலில் குவியலாய்க் கழற்றிவைத்த சப்பாத்துகளைக் கண்டதும் அக்கா காரை விட்டு இறங்காமல் இருந்துவிட்டாராம்.

காரியங்கள் முடிந்து நாலாம் நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தார். அழவில்லை. அழுதிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"தம்பி, ரிக்கெற் போடப் போன அண்டைக்கு உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"அடுத்த நாளே போற பிளேன் ஒண்டு இருந்ததெல்லோ."

"ஓம்."

"அதிலை போயிருந்தால் கண்டிருப்பன்."

அவர் முழங்காலையும் பதினொரு மணித்தியாலத்தையும் நினைத்துத்தான் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அக்கா என்னை முடிக்க விடவில்லை.

"நான் நிண்டுகொண்டெண்டாலும் போயிருப்பன்ரா" என்றார். பிறகு போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

முதல் விமானத்தில் போயிருந்தால் அவனோடு ஒரு கிழமை இருந்திருப்பார். அந்தக் கிழமை அவன் கதைத்துக்கொண்டுதான் இருந்தான், ஆட்களை அடையாளம் கண்டுகொண்டுதான் இருந்தான். அதை நினைக்காமல் நான் ஒரு மெசினைத் திறந்ததில்லை.

பிள்ளைகளே, இன்னும் கொஞ்சக் காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போனில் ரிக்கெற் போட்டுக் கொடுக்கப் போவது நீங்கள்தான். விலை பாருங்கள், கால் நீட்ட இடம் பாருங்கள், எத்தனை தரம் மாற வேண்டும் என்று பாருங்கள். அதெல்லாம் நல்லது. ஆனால் போகிறவருக்கு ஏன் போகிறோம் என்று முழுக்கத் தெரியுமா என்றும் ஒருதரம் பாருங்கள். நான் அக்காவுக்கு எல்லாவற்றையும் தெரிவுசெய்யக் கொடுத்தேன், அதைத் தெரிவுசெய்யத் தேவையான ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அவருக்கு வேதனை வரக் கூடாது என்று மறைத்ததாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், அவர் அழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா மூன்று மாதம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். என்னோடு கோபம் இல்லை. தேத்தண்ணி தருவார், பம்பு வேலைசெய்யாவிட்டால் கூப்பிடுவார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். நான் அவருக்கு எதைச் சொன்னாலும், பிரஷர் கூடவில்லை என்று கிளினிக் துண்டை வாசித்துச் சொன்னாலும் சரி, நாளைக்குக் கரண்ட் வராது என்றாலும் சரி, ஓம் என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு, பிறகு வேலிக்கரையில் நின்று அதையே என் மனைவியிடமும் ஒருதரம் கேட்பார். அந்தக் குரல் பட்டறைக்குள் எனக்குக் கேட்கும். அப்படிக் கேட்காதீர்கள், நான் சொன்னது உண்மைதான் என்று அக்காவிடம் சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன் என்பதும் அப்போதெல்லாம் எனக்கு விளங்கும்.