பத்தடி தள்ளி விழுந்த மணல் மூட்டை

ஆலங்குடியில் புதிதாகக் கட்டும் தண்ணீர்த் தொட்டியில், நாற்பதடி உயரச் சாரத்தில் நின்று என் அத்தான் சாந்து பூசுகிறார்.

யாராவது தவறி விழுந்தால் தாங்க, மீமிசலிலிருந்து வந்த மீன்வலையை இன்று எட்டடி அகலத்துக்குத் தரைக்குச் சற்று மேலே கட்டியிருந்தார்கள்.

"வேகமா நடக்குறவரு நேரா கீழ விழமாட்டாருங்க. பத்தடி தள்ளிப் போயிருவாரு," என்றேன் மேஸ்திரியிடம். பௌதிகப் புத்தகத்தைப் பார்த்து நானே போட்ட கணக்கு.

"மாப்ள, ஒங்க கணக்கு நோட்டுக்குள்ளதான் விழும்," என்று சிரித்தார் அவர்.

வலைக்கு வெளியே, பத்தாவது அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அத்தான் வழக்கமான வேகத்தில் நடந்து வந்து, சாரத்தின் முனையில் ஒரு மணல் மூட்டையை நழுவவிட்டார்.

கோட்டின் மேலேயே விழுந்தது.

கீழே சாந்து குழைத்துக்கொண்டிருந்த அக்கா மண்வெட்டியைப் போட்டாள். "வலைய மேல ஏத்துங்க. அதுவரைக்கும் அவரு கீழ இறங்கி நிக்கட்டும்."

சாரத்துக்குப் பத்தடி கீழே மாற்றிக் கட்டினார்கள். விழும் நேரம் குறைந்தால் தள்ளிப்போகும் தூரமும் குறையும். வேறொருவர் அதே வேகத்தில் நடந்து நழுவவிட்ட அடுத்த மூட்டை வலையின் நடுவில் விழுந்து ஆடி நின்றது.

அத்தான் மறுபடி ஏறினார்.

மணல் மூட்டைக்கும் அவருக்கும் ஒரே விதிதான் என்று அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களில் யாராவது சொல்கிறீர்களா?