என் மகன் பிறக்குமுன்பே சொல்லப்பட்ட சாட்சி

அன்பான சபையாரே, என் மகன் எபினேசருக்கான சாட்சி இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லப்பட்டுவிட்டது. சொன்னது நான் இல்லை. அப்போது அவன் பிறக்கவும் இல்லை. அதனால் இன்று நானே வந்து நிற்கிறேன். வாய்க்கு வந்ததைப் பேசிவிடக் கூடாது என்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எழுதியும் கோபம் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம், எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஸ்கேன் எடுத்தார்கள். பனிக்குடத்தில் தண்ணீர் அளவுக்கு மீறி இருந்தது. குழந்தை அந்தத் தண்ணீரை விழுங்க வேண்டும், இவன் விழுங்குவதாகத் தெரியவில்லை, எங்கோ அடைப்பு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஈசூனில் இறங்கும்வரை எம்ஆர்டி ரயிலில் என் கணவர் டேனியல் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் கிரேஸ் ஆன்ட்டிக்குப் போன் போட்டு அழுதேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆன்ட்டி எழுந்தார். ஜெபித்தோம், அடைப்பு நீங்கிவிட்டது, டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள் என்று சாட்சி சொன்னார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். எந்த டாக்டரும் ஆச்சரியப்படவில்லை. வெளியே வந்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"விசுவாசத்துல முன்னாடியே சொல்லணும்மா, அப்பத்தான் நடக்கும். நீ சந்தேகப்பட்டுக் கெடுத்துடாத லா" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

எபினேசர் பிறந்தான். அழுதான். அழும்போதே வாயில் நுரை தள்ளியது. நர்ஸ் உள்ளே விட்ட குழாய் பாதியில் முட்டி நின்றது. உணவுக்குழாய் நெஞ்சிலேயே முடிந்து போயிருந்தது. அதன் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருந்தது. இரைப்பையைத் தாண்டியதும் குடல் மூடியிருந்தது. மலம் போகிற துவாரமே இல்லை. ஒரு சின்ன உடம்பில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அடைப்பு. ஒன்று இருந்தாலே பெரிய ஆபரேஷன், மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம் என்றார் சர்ஜன். ஒல்லியான சீனப் பெண்மணி. தாளில் படம் வரைந்து காட்டினார். பிழைப்பான் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் கைவிட மாட்டேன் என்றார். உள்ளதை உள்ளபடி சொன்னதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மறுநாள் ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. உணவுக்குழாயின் இரண்டு பாதியையும் இணைத்தார்கள், மூடியிருந்த குடலையும் திறந்து தைத்தார்கள். கீழே இப்போதைக்கு எதுவும் செய்ய முடியாது என்று, மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி திறந்து பை ஒட்டினார்கள்.

அந்த வாரம் உங்களிடமிருந்து வந்த செய்திகளை நான் இன்னும் அழிக்கவில்லை. மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிராங்கூன் ரோடு துணிக்கடையில் வேலை செய்கிறாயே, அங்கே வெள்ளிக்கிழமை பூஜைப் பொங்கல் சாப்பிட்டாயா என்று இன்னொருவர். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அந்தப் பொங்கல் போய் என் பிள்ளையின் குடலை அடைத்துவிட்டதா? கடையில் அதைக் கொடுத்த லட்சுமி அக்காதான் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் சோறு கொண்டுவந்தார். உங்களில் யார் வந்தீர்கள்?

பாலைச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பச்சையாகத் திரும்பி வந்தது. பை காலியாகவே இருந்தது. பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமைக்குள் பால் கீழே இறங்காவிட்டால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் சர்ஜன். இன்னொரு ஆபரேஷனை அவன் தாங்குவானா என்று கேட்டேன். தெரியாது, வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

தாய்மார்கள் பால் எடுக்கும் அறைக்குள் போனேன். அவன் குடிக்க முடியாத பாலை மிஷினில் எடுத்துக்கொண்டே ஆண்டவரிடம் சண்டை போட்டேன். முழங்கால்கூடப் போடவில்லை.

"எனக்கு உம்மேல கோபம் ஆண்டவரே. அற்புதம் எல்லாம் வேணாம். சபையில சொல்லிக்கிற மாதிரி எதுவும் வேணாம். என் புள்ள மலம் போகணும். அவ்வளவுதான். அந்தப் பையில நான் பாக்கணும்."

இதுதான் நான் செய்த ஜெபம். மூன்று நாள் வேறு ஜெபம் செய்யவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நர்ஸ் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பையில் மஞ்சளாக, ஒரு ஸ்பூன் அளவு இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. ஸ்தோத்திரம் என்று நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. மலத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னதில் எனக்கு வெட்கமே இல்லை. டேனியல் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

அந்தப் பாலை இறக்கியது என் ஆண்டவர். இறங்குவதற்கு வழி தைத்துக் கொடுத்தது அந்த டாக்டர். இரண்டு பேருக்கும் நன்றி சொல்கிறேன். எபினேசருக்கு இப்போது பத்து மாதம். கீழே துவாரமும் அமைத்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கிறான். இருமல் இன்னும் விடவில்லை. வயிற்றில் பை இன்னும் இருக்கிறது.

இன்று இதையெல்லாம் சொல்லப்போகிறேன் என்று கிரேஸ் ஆன்ட்டியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சொல்லும்மா என்றார். அவரை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்குக் கிருபை கிடைக்க ஜெபியுங்கள்.

இங்கே கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோபமாக இருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் துரத்தவில்லை. முன்பெல்லாம் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்ததை மட்டும் பேசுவேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

வருகிற புதன்கிழமை அவன் குடலை இணைத்துப் பையை எடுக்கும் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்லும்வரை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வர முடிந்தவர்கள் வாருங்கள். அந்த நேரம் முழுக்க, என்ன ஆகும் என்று தெரியாமலேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.