துறவிகள் வெட்டாத குளம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளத்தில் பாசி வாரியது. சனிக்கிழமை. அதற்குத் தொல்லியல் துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பதினொரு வாரம் ஆயிற்று. கரையைச் சிதைக்கக் கூடாது, அடிமண்ணைத் தொடக் கூடாது என்று ஏழு நிபந்தனைகள். ஆல்வின் ஐவ்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா லோர்னா, நான் வெட்டின குளத்துல நான் பாசி அள்ள, அவங்ககிட்ட உத்தரவு."

"அதை அவங்ககிட்டதானே சொல்லணும்?" என்றாள் மகள்.

"சொல்றேன். புதன்கிழமை போறேன்."

"வெள்ளிக்கிழமை மடாலயக் குளம்னு பலகை நடப்போறாங்கப்பா. நட்டுட்டா அப்புறம் கல்வெட்டு மாதிரி."

"அதான் புதன்கிழமைன்னேனே. வாரியை ஒழுங்காப் பிடி. தண்ணியில விழுந்தா அதுக்கும் அனுமதி வாங்கணும்."

லோர்னா நில அளவையாளர். தவறான கோடு ஒன்று வரைபடத்தில் இருப்பது தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் கோட்டை மட்டும் நாற்பது வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஐவ்சன்களின் பண்ணை ஒரு காலத்தில் மடாலயத்துக்குச் சொந்தம். எண்ணூறு வருடத்துக்கு முன்பு, மடத்தில் ஓதுகிறவர்கள் ஓத, உழைக்கிற சகோதரர்கள் இங்கே வந்து ஆடு மேய்த்தார்கள். அவர்களுடைய களஞ்சியத்தின் அஸ்திவாரம் புல்லுக்கடியில் மேடாகக் கிடக்கிறது. காற்று அடிக்கும்போது ஆடுகள் அதன் மறைவில் படுக்கும். அவர்கள் பாவிய கல் வடிகால் இன்றும் முற்றத்துத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. ஒருநாளும் அடைத்ததில்லை. பக்கத்திலேயே ஆல்வின் பதித்த பிளாஸ்டிக் குழாய் மூன்று தடவை அடைத்துக்கொண்டது.

"அந்தச் சாமியாருங்களுக்கு வேலை தெரியும்" என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

குளம் அவர்களுடையது அல்ல. எழுபத்தாறாம் வருடக் கோடையில், நாடே காய்ந்து கிடந்தபோது, ஆல்வின் வாடகைக்கு இயந்திரம் கொண்டுவந்து மூன்று நாளில் தோண்டியது. மனைவி பெரிலுக்கு வாத்து வளர்க்க ஆசை. மழை வந்தது, வாத்துகள் வந்தன, நரியும் வந்தது. ஒரு மாதத்தில் குளம் மட்டும் மிஞ்சியது.

ஒன்பது வருடம் கழித்துத் தொல்லியல் துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அதற்குள் கரையெல்லாம் நாணல். இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை வெட்டினவங்களுக்கு என்ன பொறுமை!" என்றார். பெரில் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அந்த அம்மாள் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயைத் தொறக்காதய்யா. உன்னைப் பொறுமைசாலின்னு சொன்ன மொத ஆளு அவங்கதான்."

ஆல்வின் வாயைத் திறக்கவில்லை. வரைபடத்தில் 'மடாலய மீன்குளம், பதிமூன்றாம் நூற்றாண்டு' என்று ஏறியது. சட்டம் வந்து காவலுக்கு நின்றது. பிறகு ஒரு பல்கலைக்கழகப் பையன் குளத்தின் பரப்பை அளந்து, சகோதரர்கள் வாரத்துக்கு எத்தனை மீன் தின்றார்கள் என்று கணக்கிட்டு முனைவர் பட்டம் வாங்கினான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஆல்வின் அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

"பாவம், நாலு வருஷம் இதுல போட்டிருக்கான். அங்க இருந்ததெல்லாம் வாத்து."

பெரில் இறந்த பிறகு, நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். லோர்னா தொலைபேசியில் சொல்லலாம் என்றாள். "தொப்பியைக் கழட்டிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது. போன்ல எப்படிக் கழட்டுறது?" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆட்டுக்கு வைக்கோல் போடப் போனவர் திரும்பவில்லை. வயது எண்பத்தொன்று. இதயம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். ஆடுகள் அவரைச் சுற்றி நின்று வைக்கோலைத் தின்று முடித்திருந்தன.

புதன்கிழமை லோர்னா தானே வண்டியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள். சந்தை நாள். வண்டி நிறுத்த இடம் தேடவே இருபது நிமிடம். தொல்லியல் அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. 'புதன் விடுமுறை' என்ற அட்டை வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தது. நேற்று மாட்டியது அல்ல.

பக்கத்து ரொட்டிக் கடைக்காரி வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்குத் தொறக்க மாட்டாங்கம்மா. ஐவ்சன் ஐயா பொண்ணா நீ? மூக்கு அப்படியே இருக்கு. எங்க அவரு?"

"திங்கட்கிழமை இறந்துட்டார்."

"அடக் கடவுளே." மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "ஒம்பது வருஷமா வருவாரும்மா. எப்பவும் புதன்தான். வியாழன் வாங்க ஐயான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். சரி சரிம்பார். மறுபடி புதன்கிழமை வந்து நிப்பார்."

"வந்து என்ன செய்வார்?"

"தொப்பியைக் கழட்டுவார். பூட்டின கதவைப் பாத்து என்னவோ சொல்வார். முடிச்சுட்டு, தொப்பியை மாட்டிக்கிட்டுப் போயிடுவார். பாக்கக் கொஞ்சம் சந்தோஷமாத்தான் போவார்."

"என்ன சொல்வார்னு காதுல விழுமா?"

"பாதிதான் விழும். வாத்துன்னு வரும். பெரில்னு வரும். யாரும்மா அது?"

சந்தையில் யாரோ முட்டைக்கோஸ் விலையைக் கத்திக்கொண்டிருந்தான்.

"எங்க அம்மா" என்றாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"

"ஒம்பதரை."