வூடு என்று ஒரு ஃபோல்டர்

சோப்பு டப்பா அளவுதான் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர். அதில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டால், வீட்டிலுள்ள எல்லா ஃபோன்களிலிருந்தும் வைஃபை வழியாகவே படம், பாட்டு எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாம் என்று படித்துவிட்டு ஆசையாக வாங்கினேன். வாங்கியதோடு சரி. ஒரு வருஷம் பீரோவுக்கு மேல் கிடந்தது.

அதைக் கீழே இறக்க வைத்தது என் மனைவியின் ஃபோன். அவள் தம்பி, கல்வராயன் மலையிலிருந்து சின்னசேலத்துக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் வண்டி ஓட்டியவன், காய்ச்சலில் போய்விட்டான். அவன் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அந்த ஒரு ஃபோனில்தான் இருந்தன. அதுவோ சார்ஜர் பின்னை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் உயிரோடு இருக்கும். இருக்கிற ஒரே ஓட்டையையும் சார்ஜர் பிடித்துக்கொண்டதால் ஒயர் போட்டு எடுக்க வழியில்லை. பிரித்தால் எதுவும் மிஞ்சாமல் போகலாம் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. 

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து தூறல் போட்டது. மாடியில் ரவுட்டர் பக்கத்தில் நான். கீழே சுவரோரம் பின்னை அழுத்திக்கொண்டு அவள். மண் வாசனையில் எல்லாமே அரைத் தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி அடங்கியது. பதிவுகள் வந்து சேர அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரில் நான் போட்டிருந்த ஃபோல்டரின் பெயரை மேலிருந்து சொன்னேன். அவள் அதைத் தன் ஃபோனில் தமிழில் அடித்தாள். கிடைக்கவில்லை. மறுபடி அடித்தாள். கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். ரெண்டெழுத்தை ஒழுங்காக அடிக்கத் தெரியாதா என்று கத்திவிட்டேன்.

கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

“நீங்க வூடுன்னுதானங்க சொன்னீங்க. நானும் வூடுன்னுதான் போட்டுகினு இருக்கேன்.”

என் ஃபோன் திரையைப் பார்த்தேன். ‘வீடு’ என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் பழகிய கை அப்படி அடித்திருக்கிறது. வாய் மட்டும் அதன் பழக்கத்தில் பேசியிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. அவளைத் திருத்தச் சொல்லவில்லை. ஃபோல்டரின் பெயரை ‘வூடு’ என்று மாற்றினேன். உடனே சேர்ந்துகொண்டது.

பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவசரமே இல்லாமல், தூறலோடு சேர்ந்து வருகிற மாதிரி வந்தன. கடைசிப் பதிவு முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அதைத் தட்டினேன். பின்னால் வேறொரு நாளின் மழை, வண்டிக் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம்.

“அக்கா, மல மேல செம மழ. கெளம்பிட்டேன். வூட்டுக்குத்தான் வந்துகினு இருக்கேன்.”

எழுந்து படி வரைக்கும் போனேன். அவள் இன்னும் பின்னைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாம் வந்துடுச்சாங்க?”

“வந்துட்டான்” என்றேன்.

அவள் பின்னிலிருந்து கையை எடுத்தாள்.