மழை டயர்

ரொம்ப நாளாக நானும் என் தம்பியும் பேசிக்கொண்டது டயரைப் பற்றி மட்டும்தான். கொல்லிமலையில் அவன் வீடு என் வீட்டுக்கு அடுத்த மேட்டில் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு டிவி முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கார் பந்தய விளையாட்டில்தான் சந்திப்போம். "சாஃப்ட்டுங்களா, ஹார்டுங்களா?" என்பான். "ஹார்டு போடு. ஒரே தடவ பிட்டுக்குள்ள போயி டயர் மாத்துனாப் போதும்" என்பேன். சாஃப்ட் டயர் வேகம் தரும், சீக்கிரம் தேய்ந்துவிடும். ஹார்டு நின்று உழைக்கும். பேச்சு அதைத் தாண்டாது. ஆட்டம் முடிந்ததும் லைனைத் துண்டித்துவிடுவான்.

காரணம் மிளகுத் தோட்டம். எங்கள் பக்கம் பாகம் பிரிக்கும்போது மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எதை எடுக்கலாம் என்று அவன் என்னிடமே கேட்டான். ஊற்று இருக்கும் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். நல்லது நினைத்துத்தான் சொன்னேன். அடுத்த கோடையில் ஊற்று வற்றிவிட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். கேட்காதவனுக்கு என்னவென்று பதில் சொல்வது? எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் இந்த விளையாட்டும் நின்றுபோனால் அவன் குரலே கேட்காது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

போன ஞாயிறு அவன் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தான். அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கடைசிச் சுற்றுகளில் திரையில் வானம் இருண்டது. மழை வருகிறது, டயரை மாற்று என்று விளையாட்டின் ரேடியோ சொன்னது.

"பிட்டுக்குள்ள போகட்டுங்களாண்ணா?"

நான் இந்த மலையில் பிக்கப் ஓட்டுகிறவன். ஒரு வளைவில் மேகம் மூடாப்புப் போட்டிருக்கும், அடுத்த வளைவில் கலைந்திருக்கும். அதற்கெல்லாம் நாங்கள் வண்டியை நிறுத்துவதில்லை. "வெறும் மூடாப்புடா, பேசாம ஓட்டு" என்றேன்.

கொட்டித் தீர்த்தது. மழை டயர் இல்லாத அவன் கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள்.

இப்போது லைனைத் துண்டித்துவிடுவான், இனிமேல் வரவும் மாட்டான் என்று நினைத்தேன். அவன் துண்டிக்கவில்லை.

"அன்னைக்கும் உங்க பேச்சத்தான் கேட்டேன்" என்று கத்தினான். "ஊத்து வத்திப்போவும்னு தெரிஞ்சுதான அத என் தலைல கட்டுனீங்க?"

"சத்தியமாத் தெரியாதுடா சாமி. இப்ப மழை வரும்னு தெரிஞ்சா ஓட்டச் சொன்னேன்?"

அவன் அடுத்துப் பேசுவதற்குள் நானே தொடர்ந்தேன்.

"என் கெணத்துல தண்ணி கெடக்குது. குழாயப் போட்டு எடுத்துக்க" என்றேன்.

"இத அப்பவே சொல்றதுக்கென்னங்க?" என்று மறுபடியும் ஆரம்பித்தான். அவனுக்கு மூச்சு வாங்கும்வரை திட்டினான். திட்டு வாங்குவது இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

கடைசியில், "ஊட்லயே இருங்க, வாரேன்" என்றான்.